தங்குநீலம்

உங்கள் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அந்த இடம் கண்ணில் படாது. நாற்பத்தாறு வயது வரை எனக்கும் தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. எனக்காகப் பார்ப்பதற்குச் சந்தனமாரி இருந்தாள், பதினோரு வருஷமாக இருந்தாள். அவள் பெயரை எடுத்தாலே இன்னும் வயிறு பற்றி எரிகிறது. ஆனாலும் முறையாக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லீதியாள். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. வானத்தில் ஓசோன் என்று ஒரு போர்வை இருந்ததாம், அது நைந்துபோய் இருபது வருஷம் ஆகிறது. மற்ற ஊர்களில் வெயில் மேலேயிருந்து அடிக்கும். எங்கள் அளத்தில் கீழேயிருந்தும் அடிக்கும். வெள்ளை வெளேரென்று கிடக்கிற உப்பு, வாங்கிய வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி எறியும். தாடைக்கு அடியில், மூக்குக்கு அடியில், காது மடலுக்குப் பின்னால் என்று தொப்பி மறைத்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்துச் சுடும். ஆரம்பத்தில் கொத்துக் கொத்தாகப் பெண்கள் தோல் புற்றில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம்தான் பசை வந்தது, பசைக்குப் பின்னால் சட்டம் வந்தது.

பசையின் சங்கதி இதுதான். பூசினால் கண்ணுக்குத் தெரியாது. வெயிலை வாங்கி வாங்கி அதன் சத்து தீர்ந்ததும் நீலமாக மாறிவிடும். அளத்து வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்கும், வியர்வை ஊற்றினால் அதுவும் தாங்காது. நீலம் தெரிந்தால் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு நிழலுக்குப் போக வேண்டும், கழுவ வேண்டும், புதிதாகப் பூச வேண்டும், பூசிக் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். நம் சனங்கள் கேட்குமா? முதல் வருஷம் எல்லாரும் திருநீறு மாதிரி தொட்டுத் தீற்றிக்கொண்டு போனார்கள். குழாய் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று ஒருத்தி தேங்காய் எண்ணெயைக் கலந்து பூசினாள், பத்து மணிக்கெல்லாம் தலை முதல் கால் வரை நீலமாக நின்றாள். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேல். “கருத்த தோலுக்கு எதுக்குட்டி கிரீமு? நம்மள வெயிலு என்ன செஞ்சிரும்?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். கருத்த தோல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் இந்த வெயிலுக்கு அது காணாது என்று நர்ஸ் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவர் இப்போது நாகர்கோவிலில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அது பழைய துரோகம், அதைச் சொல்ல நான் வரவில்லை.

நீலம் கழுவினால் போய்விடும். போகாவிட்டால்தான் ஆபத்து. தோலில் ஏதாவது ஓர் இடம் உள்ளுக்குள் கெட ஆரம்பித்திருந்தால், அங்கே மட்டும் நீலம் பிடித்துக்கொள்ளும். ஒரு மிளகு அளவுக்கு இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. அதற்குத் தங்குநீலம் என்று பெயர். தங்குநீலம் கண்டால் மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். அந்த நிலையில் ஒரு சின்னக் கீறல், இரண்டு தையல், அவ்வளவுதான். ஆனால் காட்டிய அன்றைக்கே அளத்தின் பெயர்ப் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் வெயில் வேலை கிடையாது.

அளத்தில் கண்ணாடி ஏது? இருந்தாலும் காதுக்குப் பின்னால் எப்படிப் பார்ப்பது? அதனால் இரண்டு இரண்டு பேராகச் சோடி போட்டார்கள். காலையில் என் முகத்துக்கும் கழுத்துக்கும் சோடிதான் பூச வேண்டும், அவளுக்கு நான். நீலம் தெரிந்தால் அவள் சொல்ல வேண்டும். சோடி இல்லாமல் ஒருத்தியும் வெயிலில் கால் வைக்க முடியாது.

என் சோடி சந்தனமாரி என்னைவிட நாலு வயது இளையவள். அவள் பூசுகிற அழகே தனி. நெற்றியில் ஆரம்பித்து, வகிட்டில் ஒரு கோடு இழுத்து, இமைக்கு மேல் தொட்டு, காது மடலை மடக்கி உள்ளே பூசி, பிடரி மயிரைத் தூக்கிக் கழுத்தில் இறக்குவாள். எனக்குத் தூக்கம் சொக்கும். கட்டின புருஷன்கூட என்னை அத்தனை நாள் தொட்டதில்லை. “யக்கா, அசையாம இரேன், ஒன்னையப் பொண்ணு பாக்கவா வந்துருக்காவ” என்று கழுத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் அவளுக்கு ஒரு துண்டு போகும். அவள் மகன் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் என் மடியில்தான் கிடந்தான்.

என் மகள் ஜெபக்கனியையும் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. கப்பல் என்ஜினியருக்குப் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள். இங்கே கப்பல் கல்லூரியில் வெயில் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று நாலு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சனவரியில் மனு போட்டோம். ஆகஸ்ட்டில் இடம் கிடைத்தது. அன்றைக்கு அளம் முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தேன். மாரி வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்காக அழுகிறாளே என்று எனக்கும் கண் கலங்கிப் போனது.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். மாரிக்கு வயிற்றுப்போக்கு, வேலைக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டும் மாற்றுச் சோடியாக ரெஜினா என்று ஒருத்தியை அனுப்பினார்கள். புதிது, அதனால் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து செய்கிறவள். பூசுவதற்கு முன்னால் ஈரத்துணியால் என் கழுத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள். திடீரென்று கை நின்றது.

“யக்கா, இங்கன என்னது, பூச்சு பூசி வச்சிருக்கிய?”

“எங்கன?”

“காதுக்குப் பின்னால. தோல் நிறத்துல என்னமோ துணியில ஒட்டுது. இரிங்க, தொடைக்கேன்.” இன்னும் நாலு தேய். அப்புறம் சத்தமே இல்லை.

“என்னட்டி, வாய்ல கொழுக்கட்டையா?”

“யக்கா, நீலம். ஒரு ரூபா அளவுக்குக் கெடக்கு. போக மாட்டேங்குது.”

அவளுடைய போனில் படம் எடுத்துக் காட்டினாள். என் உடம்பில் நான் பார்த்திராத ஓர் இடத்தை முதல்தடவையாகப் பார்த்தேன். கருநீலமாக, நடுவில் ஒரு புடைப்போடு, யாருடைய உடம்போ மாதிரி இருந்தது. துணியைப் பார்த்தேன். பழுப்பாக ஒரு திட்டு. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு முகம் திருத்துவதற்குப் பூசுவார்களே, அந்த நிறப்பசை. என்னிடம் அது கிடையாது, என் வயதுக்கு அது எதற்கு?

சட்டென்று எதுவும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில்தான் விளங்கியது. தினமும் என் காதை மடக்கிப் பூசுகிறவள் யார்?

தோல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதாவைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். துளி சதையை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

“உங்ககிட்ட மறைக்க விரும்பலம்மா. ஏழு மாசம் ஆன புள்ளி. கழுத்துக்குள்ள எறங்கியிருக்கு.”

“ஏழு மாசமா?”

“பொங்கலுக்குச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம்ல? பழைய சுவத்தைச் சுரண்டினா எத்தனை பொங்கல் போச்சுன்னு எண்ணிரலாம். நல்ல தோல் மாசத்துக்கு ஒருக்கா உதிர்ந்து புதுசாகும். கெட்ட எடம் உதிராது. பூசினது நாளுக்கு ஒரு அடுக்கா அங்கேயே தங்கிரும். அந்த அடுக்கைத்தான் இந்தப் பெட்டி எண்ணுது. உங்களுக்கு எரநூறுக்கு மேல இருக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் மேல நிறப்பசை வச்சு மறைச்சிருக்காங்க.”

“நான் பொழைப்பேனா டாக்டர்?”

“காது மடல்ல பாதி எடுக்கணும். அப்புறம் ஆறு மாசம் ஊசி. போட்டா நல்லா இருப்பீங்க, நான் நம்புறேன். போடலைன்னா ஒரு வருஷம், கூடப்போனா ஒன்றரை.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஊசியை வெயில் தொழிலாளர் வாரியம்தான் தரணும். வெளிய வாங்குறதெல்லாம் உங்களால ஆகாது. ஆனா புள்ளியை நீங்களே தெரிஞ்சு மறைச்சீங்கன்னா வாரியம் தராது. விசாரணை வைப்பாங்க. உங்க சோடியோட வாக்குதான் முக்கியம்.”

“அவதானே டாக்டர் மறைச்சிருக்கா!”

அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நேரே முத்தையாபுரத்தில் மாரியின் வீட்டுக்குப் போனேன். மாரி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் காதுக் கட்டைப் பார்த்ததும் கையிலிருந்த சேலை கீழே விழுந்துவிட்டது. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

“ஏட்டி சண்டாளி,” என்றேன். “ஏழு மாசம்! தெனமும் காலையில அந்தக் கையால தொட்டுத் தொட்டுப் பூசுனியே, ஒனக்குக் கை கூசலையா?”

“யக்கா, உள்ள வா.”

“ஒன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். எதுக்குட்டி செஞ்ச? நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?”

அவள் அழுதாள். எனக்கு அழுகையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் ஏறியது. “பயம்க்கா,” என்றாள். “நீ போயிட்டா எனக்குச் சோடி இல்ல. புதுச் சோடி கெடைக்க ஆறு மாசம், ஒரு வருசம் ஆவும். அது வரைக்கும் நான் எங்கன போவேன்? கொஞ்ச நாளுதான்னு நெனச்சேன். அது இப்பிடி ஓடும்னு தெரியாதுக்கா.”

“கொஞ்ச நாளா? என் உசுரை வச்சா ஒனக்குக் கொஞ்ச நாளு?”

“விசாரணையில உண்மையச் சொல்லுதேன். என் மகன் மேல சத்தியமாச் சொல்லுதேன். ஒனக்கு ஊசி கெடைச்சிரும்.”

மகன் மேல் சத்தியம் வைத்தாள் என்பதற்காக நம்பினேன். காய்ச்சலில் என் மடியில் கிடந்த பிள்ளை அது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெபக்கனி பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. “ஆறு மாச ஊசின்னா ரொம்ப முத்திருச்சாம்மா? சின்னதா இருக்கும்போது ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொல்லுவாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காது மடலில் பாதியை எடுத்த அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியிலேயே கிடந்தாள். விசாரணை என்றதும், “மாரி அத்தைய விட்டிரும்மா. கேசெல்லாம் வேண்டாம்” என்று கெஞ்சினாள்.

“விடவா? அவளை விட்டா எனக்கு யாருட்டி ஊசி தருவா?”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை இளகின மனசுக்காரி, பெற்றவள் மாதிரி ராங்கி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை செப்டம்பர் கடைசியில், வாரியத்தின் ஆபீஸில், காலை பதினோரு மணிக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் சிதம்பரநாதன் என்ற அதிகாரி. அமைதியான மனிதர், குரலே உயராது. டாக்டர் ஹமீதா ஒரு பக்கம், மாரி ஒரு பக்கம், எனக்குப் பின்னால் பெஞ்சில் ஜெபக்கனி. கல்லூரிச் சட்டையிலேயே வந்திருந்தாள்.

“சந்தனமாரி, நீங்க லீதியாளோட சோடி. இந்தப் புள்ளி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“ஏன் சொல்லல?”

மாரி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லுட்டி, சொல் என்று நான் மனசுக்குள் உந்திக்கொண்டிருந்தேன்.

“அக்காதான் மறைக்கச் சொன்னா,” என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டுப் போட்ட காது அல்லவா?

“மகளுக்குக் கப்பல் காலேஜில எடம் கெடைக்கணும், அது வரைக்கும் பட்டியல்ல பேரு இருக்கணும், யாருக்கும் தெரியக்கூடாதுன்னா. பெரியவ சொல்லும்போது நான் என்ன செய்ய? நிறப்பசை வச்சு விட்டேன்.”

“அடிப்பாவி!” நான் எழுந்து நின்றுவிட்டேன். “நாசமாப் போறவளே, ஒன் நாக்கு அழுகிரும்! மகன் மேல சத்தியம் பண்ணுனியேடி! ஐயா, பொய் ஐயா, அத்தனையும் பொய்! எனக்குத் தெரியவே தெரியாது!”

“உக்காருங்கம்மா,” என்றார் அதிகாரி. “மறைக்கச் சொன்னது தொழிலாளின்னா சோடிக்கு ஒரு எச்சரிக்கையோட போயிரும். அதனால அவங்க அப்படிச் சொல்றாங்களான்னு நானும் யோசிக்கணும்தான். ஆனா அவங்க சொல்ற காரணம் நம்புற மாதிரி இருக்கே? உங்க மக சனவரியில மனு போட்டிருக்கா. ஆகஸ்ட்டுல எடம் வந்திருக்கு. பட்டியல்ல உங்க பேரு இல்லைன்னா மனுவே செல்லாது. புள்ளியை மறைச்சதும் சரியா அந்த ஏழு மாசம்தான். மறைக்க வேற யாருக்கும்மா அவ்வளவு அவசியம்?”

அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்குத் தெரியாது என்று நான் தொண்டை கிழியக் கத்தலாம், அதற்குச் சாட்சி யார்? என் உயிர் அந்த மேசையில் கிடந்தது, அதை எடுத்து வைத்துக்கொள்ளவும் தள்ளிவிடவும் மாரியின் வாய்க்கு மட்டும்தான் அதிகாரம் இருந்தது.

“நான் ஒண்ணு சொல்லலாமா சார்?” டாக்டர் ஹமீதா தன் அறிக்கையைப் பிரித்தார். “இவங்க சொல்லி மறைச்சாங்களா, சொல்லாம மறைச்சாங்களான்னு என் பெட்டிக்குத் தெரியாது. ஆனா புள்ளி எவ்வளவு பெருசுன்னு ஒவ்வொரு வாரமும் தெரியும். மிளகு அளவுல இருந்தது ஒரு ரூபா அளவுக்கு வளர்ந்திருக்கு. ஆஸ்பத்திரியில மனுஷங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு தெனமும் பாக்குறேன். தனக்குப் புள்ளி இருக்குன்னு தெரிஞ்ச யாரும் அதைத் தொடாம இருக்க மாட்டாங்க. சொறிவாங்க, நகத்தால நோண்டுவாங்க, எண்ணெய் வைப்பாங்க, மஞ்சள் வைப்பாங்க. எரநூறு அடுக்குல ஒரு நகக்கீறல் இல்ல சார். ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. அந்த எடத்துக்கு இவங்க கை போகவே இல்ல. தெரியாதவங்கதான் அப்படி இருக்க முடியும்.”

அதிகாரி அறிக்கையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“சந்தனமாரி, மறுபடி கேக்கேன். லீதியாளுக்குத் தெரியுமா?”

மாரி என்னைப் பார்க்கவில்லை. “தெரியாது ஐயா,” என்றாள். “நான்தான் பொய் சொன்னேன். வேல போயிருமேன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான். அதிகாரி எழுத ஆரம்பித்தார். லீதியாளுக்கு ஊசியும் வைத்தியமும் முழுதாக உண்டு. சந்தனமாரிக்கு எந்த ஊரிலும் வெயில் வேலை இனிக் கிடையாது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகக் குளிர்ந்தது. கிடட்டி தெருவில், பிச்சை எடு, என் காதில் பாதியைத் தின்றவளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“ஒரு சின்னச் சந்தேகம் டாக்டர்,” என்றார் அதிகாரி, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. “ஏழு அடுக்குக்கு ஒரு அடுக்கு மெலிசா இருக்கே?”

“அது ஞாயித்துக்கிழமை சார். அன்னைக்கு அளம் லீவு. கோயிலுக்குப் போற வெயில்தான், அதனால பசை அதிகம் தீரல.”

“அந்த அடுக்குலயும் நிறப்பசை இருக்கா?”

டாக்டர் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “இருக்கு சார்,” என்றார். “இருபத்தொன்பது ஞாயிறு. ஒண்ணு கூட விடல.”

ஞாயிற்றுக்கிழமை மாரி என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆறு நாள் பார்த்த முகம் போதாதா என்று அவளும் சொல்வாள், நானும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் பசை பூசிவிடுவது ஒரே ஓர் ஆள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெபக்கனி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் கேள்வி கேட்டாலும் நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளை. அவளுடைய கை இரண்டும் மடியில் இருந்த பைக்குள் புதைந்திருந்தன. அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மாரியின் மேல் எரிந்த வயிறு ஒரு நொடியில் அணைந்துபோய், உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஆகிவிட்டது. புருஷன் போனபோது அழுதேன், காது போனபோது அழுதேன். இதற்கு அழுகைகூட வரவில்லை.

“வீட்டு ஆள் யாராவது மறைச்சிருந்தா அது தனிக் கேஸ்,” என்று அதிகாரி அதே தணிந்த குரலில் சொன்னார். “அதனால கெடைச்ச எடம் எதுவா இருந்தாலும் ரத்தாகும். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு யாரும்மா பூசுறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாரி பேசிவிட்டாள்.

“நான்தான் ஐயா. ஞாயித்துக்கிழமையும் அக்கா வீட்டுக்குப் போவேன். நான்தான் பூசுவேன்.”

“ஊரோட அந்தக் கோடியில இருக்குற தாளமுத்து நகருக்கு? வாரா வாரம்? நீங்க முத்தையாபுரம்ல?”

“பஸ்ல போவேன் ஐயா.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “உண்மையாம்மா? சந்தனமாரி வருவாங்களா?”

மாரி அப்போதுதான் முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, கோபமும் இல்லை. காலையில் பூசும்போது என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“வருவா ஐயா,” என்றேன். “வாரா வாரம் வருவா.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மாரி கையெழுத்துப் போட்டாள். வெயிலில் வேலை செய்ய வாரியம் கொடுத்த அட்டையை அவளிடமிருந்து வாங்கி இரண்டாக வெட்டி மேசை இழுப்பறையில் போட்டார்கள்.

வாசலில் அவளைப் பிடித்தேன். “ஏன்ட்டி?” என்று மட்டும் கேட்டேன்.

“சனவரியில மொதமொத நீலத்தைப் பாத்த அன்னைக்கே ஒங்கிட்டச் சொல்லத்தான் நெனச்சேன். அளத்துல வச்சுச் சொன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிருமேன்னு சாயங்காலம் ஒன் வீட்டுக்கு வந்தேன். நீ ரேசன் கடைக்குப் போயிருந்த. பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன்.” மாரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கால்ல விழுந்துட்டாக்கா. ஒரே ஒரு மாசம் அத்தை, மனுவச் சரிபாத்து முடிக்கட்டும்னா. நிறப்பசையும் அவதான் குடுத்தா. அப்புறம் இன்னும் ஒரு மாசம்னா. அப்புறம் எனக்கும் பயம் வந்துட்டு. இத்தனை நாளு மறைச்சிட்டு இனி எப்பிடிச் சொல்ல?”

“இன்னைக்கு உள்ள வச்சு என் தலையில கட்டுனியே. என் உசுரு போகும்னு தெரிஞ்சுதானே கட்டுன?”

“ஆமா, தெரிஞ்சுதான்,” என்றாள். “என் வயித்துக்காவச் சொன்னேன். அதுக்கு நீ என்னைய என்ன வேணாலும் சொல்லு.” அதற்கு மேல் நிற்கவில்லை. அட்டை வெட்டுப்பட்டவள் வெயிலில் நிற்கக் கூடாது என்று காவலாளி வந்து அவளை நிழல் பாதையில் போகச் சொன்னான். சுவரை ஒட்டி ஒட்டி நடந்து போனாள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். மேலே போய் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியும் இருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு வருஷம் என் முகத்தைத் தொட்டவளைப் பலி கொடுத்துவிட்டு என் பிள்ளையை வைத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டு. பஸ் நிறுத்தத்துக்கு முந்நூறு அடி வெட்ட வெயிலில் நடக்க வேண்டும். ஜெபக்கனி என் பின்னால் வந்து நின்றாள். பைக்குள்ளிருந்து பசைக் குழாயை எடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு விரல் நீளத்துக்கு அளவாகப் பிதுக்கிக்கொண்டாள். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த அளவு.

“அம்மா,” என்றாள். “திரும்பும்மா. பூசிவிடுதேன்.”

நான் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

“கையில வை,” என்றேன். “எனக்கு எட்டுற வரைக்கும் நானே பூசிக்கிடுதேன்.”